பாலத்துக்கு இந்தப் பக்கம்

பாம்பனில் கடல்பாசி எடுக்கும் பெண் ஒருத்தி மூன்று மாதமாக உதிரப்போக்கோடு கடலில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"டாக்டரம்மா இருந்தாச் சொல்லலாம் டீச்சர். இருந்தவங்களும் மாத்தலாகிப் போயிட்டாங்க. ராம்நாட்டுக்குப் போனா ஒருநாள் பாசி போச்சு."

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். 1988இல் சாலைப் பாலம் வந்தது. 2022இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தீவு கரையோடு சேர்ந்துவிட்டது என்கிறோம். மாதத்தில் சில நாட்களே கடல் இடம்கொடுக்கும் ஒருத்திக்கு அந்தத் தூரத்தைக் கூலியில்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

மாற்றலாகிப் போன மருத்துவர்மீது எனக்குக் கோபம் வந்தது. மக்கள் பணத்தில் படித்தவர் மக்களுக்குக் கடன்பட்டவர் என்று வகுப்பில் பேசுகிறவள் நான். அன்றிரவுதான் நினைவு வந்தது: கைக்குழந்தையோடு இருந்த காலத்தில் நானும் மாற்றல் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். என் மனு நியாயம், அவருடையது துரோகமா?

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். கருத்தரங்கக் கூடத்தில்தான் அவர் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. தாழிட்டுப் படுக்க ஓர் அறை தராமல் சேவையை மட்டும் கேட்பதற்குப் பெயர் கடமையா? பெண்களிடம் மட்டும் அதைத் தியாகம் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறோம்.

கடன் இல்லை என்று நான் சொல்லவில்லை. படிக்கவைத்த மக்களுக்கு மருத்துவர் கடன்பட்டவர்தான். ஆனால் ஒருவர் போனதும் ஊரின் பெண்களெல்லாம் வாய்மூடிப் போகிறார்கள் என்றால், குற்றம் அந்த ஒருவருடையது மட்டுமல்ல. காவல்நிலையத்தைப் பூட்டிவிட்டு எந்த ஆய்வாளரும் மாற்றலாகிப் போவதில்லை. மருத்துவருக்கு மட்டும் ஏன் அப்படி? குடியிருப்பும், காவலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடமும், மாற்று மருத்துவர் வந்தபின்பே விடுவிப்பும் அரசு தீர்க்கவேண்டிய கடன். அது தீராதவரை மருத்துவரின் கடனை மட்டும் வசூலிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த வாரம் அவளோடு பஸ்ஸில் ராமநாதபுரம் போனேன். பாலம் தாண்டும்போது சொன்னாள்: "அந்த டாக்டரம்மாவுக்கும் சின்னப் புள்ள டீச்சர். பாவம்."

அவளால் மன்னிக்க முடிந்தது. அந்த மன்னிப்பின் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ளக் கூடாது. சொல்லப்படாத நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பதிவேட்டில் இல்லாததால் தேவையும் இல்லை என்று ஆகிவிடுகிறது. பெண்களின் பொறுமை இப்படித்தான் கணக்கிலிருந்து அவர்களையே அழிக்கிறது.