காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும்

கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம், நீரில் அமிழ்ந்த நிலமகளை மேலெடுத்த பூவராகப் பெருமாள் கோயிலாற் பெயர்பெற்ற ஊர். நித்தீசுவரர் கோயிலும் ஆங்கு உண்டு. மாசி மகத்தில் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவதும், அவ்விடத்து இஸ்லாமிய அன்பர் எதிர்கொண்டு சிறப்புச் செய்வதும் நெடுநாள் வழக்கு. அக்கிள்ளை உள்ளிட்ட கரையெங்கும் 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை புகுந்தது. உயிர்ச்சேதம் உலகறிந்தது. நாகப்பட்டினக் கரையோர வயல்கள் உப்பேறிப் பாழ்பட்டுக் கிடந்ததைப் பலர் அறியார். புராணத்தில் வராகம் எடுத்தது. ஈண்டு எடுத்தவர் யாவர்?

வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரும் அவரோடு நின்ற தன்னார்வலரும் அவ்வயல்களில் இறங்கினர். உவர்நிலத்தை மீட்கும் வழி அரியதன்று, பொறுமை வேண்டுவது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடியவிடல் வேண்டும். உவர் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல் வேண்டும். அத்தழை மக்கி மண்ணை நெகிழ்த்த, நீர் உள்ளிறங்கி உப்பைக் கீழே கொண்டு செல்லும்; வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்கு உணவாக்கித் தரும்.

இது சிவத்தொண்டு ஆகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது. மண் சடம், சடத்திற்குச் செய்வது எங்ஙனம் தொண்டாகும்? நிலம் கெட்டது உடையவனது வினைப்பயனாயின் பிறர் இடைப்புகுதல் முறையோ? இவ்வாறு ஆசங்கிப்பார் உளர்.

மண் சடமென்பது உண்மையே. ஆயின் தனு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்று தோற்றுவித்தது தன்பொருட்டன்று. ஆணவத்தாற் கட்டுண்ட உயிர்களின்பொருட்டே. பிறர்க்கென ஒருவர் கொடுத்த கருவியைக் கெடாது காத்தல், கருவிக்குச் செய்யும் கடனன்று. கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் செய்யும் கடனாம். வினையைப் பற்றிய தடையோ நெடுநேரம் நில்லாது. நோயும் வினைப்பயனே, மருந்து கொடுப்பாரை நாம் தடுப்பதில்லையே!

குயவன், மண், திரிகை என மூன்று காரணங்களை நம் ஆசிரியர்கள் காட்டினர். இவ்வுவமையை ஸ்ரீமுஷ்ணத்திற்கு அண்மையிலுள்ள, பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலத்திற் கண்ணாரக் காணலாம். ஆனால் சூளையில் வெந்த களிமண் மீண்டும் விளைமண் ஆவதில்லை. மேல்மண்ணும் ஏறக்குறைய அத்தன்மைத்து. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உண்டாக ஆயிரம் ஆண்டு வரை ஆகலாம் என ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கூறும். அம்மண் ஒரு பெருமழையில் ஓடையோடு போய்விடுகிறது. ஒரு தலைமுறை நுகர்ந்து தீர்ப்பது, பின்வரும் உயிர்கட்குரிய போகப்பொருள்.

இனி, உதவி செய்யும் முறை யாது? மெய்கண்ட தேவர் பதினோராஞ் சூத்திரத்தில் உணர்த்திய உண்மை இங்கே நமக்குத் துணையாகும். உயிர் கண்ணுக்குக் காட்டுவதோடு அமையாது, அதனோடு உடனாய்நின்று தானும் காண்கிறது. இறைவனும் உயிர்க்கு அவ்வாறே காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் செய்வன் என்க. கற்றறிந்தார் பலர் முன்னதைச் செய்வர், பின்னதைச் செய்யார். 1960-களுக்குப்பின் புதுவித்தும் செயற்கை உரமும் வந்தன. அவற்றாற் பசி தணிந்ததை மறுப்பது நன்றியன்று. ஆயினும் இத்தனை மூட்டை இடுக என்று காட்டிச் சென்றவர், பத்தாண்டு கழித்து அதே வயலில் உழவனோடு நின்று மண்ணை அள்ளிப் பார்த்தாரல்லர். 'யான் அறிவேன், நீ அறியாய்' என்னும் முனைப்பு ஆணவத்தின் சாயலன்றி வேறென்ன? தொண்டர் வேடத்தில் வரும்போது அது கண்டறிதற்கு அரிது.

நம்மாழ்வார் 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திற் பணியேற்றார். ஆங்கு நடந்த ஆய்வுகள் பொருளற்ற மானாவாரி உழவர்க்குப் பயன்படா என உணர்ந்து, 1969-ல் நீங்கினார். பின்னர்க் களக்காட்டுப் பகுதியில் உழவரிடையே இருந்து, உழவரிடமே கற்றார். இறுதிக் காலத்திற் கரூர் மாவட்டத்துக் கடவூர்ப் பகுதியின் வறள்நிலத்தில் 'வானகம்' அமைத்துப் பலரைப் பயிற்றினார். 2013 டிசம்பர் 30-ல் மறைந்தார். அவர் சித்தாந்தம் பேசினார் என்று நாம் சொல்லவில்லை. உடனிருந்து காணும் நெறியில் நின்றார் என்பதே நம் துணிபு.

நாவுக்கரசர் கையில் ஏந்திய உழவாரம் மண்ணைத் தொடும் கருவியே. அதனைத் திருக்கோயிற் பிராகாரத்தோடு நிறுத்திவிடலாமோ? நம் ஆதீனங்களுக்கும் கோயில்களுக்கும் நன்செய் புன்செய் நிலங்கள் உண்டு. அவற்றை உழுவோர் குத்தகையாளர். நெல்லளவு எழுதும் கணக்கேட்டில், அம்மண் சென்ற ஆண்டினும் வளம்பெற்றதோ குன்றியதோ என எழுதும் இடம் உண்டா? இல்லையாயின் இவ்வாண்டே ஒரு வயலைத் தெரிந்து, தக்கைப்பூண்டு விதையும் அறிந்தார் துணையும் மடத்துச் செலவில் அளிக்கலாம். தழை மடக்கும் நாளில், ஆதீனத்தார் ஒருவர் வரப்பில் நில்லாது வயலுள் இறங்கி, குத்தகையாளரோடு அம்மண்ணைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும்.