பரிசாக வந்த கத்தியும் தகுதி நோக்காத அருளும்

பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள தூர்க்கு நகரில், ஆண்டுதோறும் டிசம்பர் 24 அன்று நண்பகலில், பழைய பெருஞ்சதுக்கத்தை நோக்கிய பிரிங்கலா மாளிகையின் மாடத்திலிருந்து ‘கிறிஸ்துமஸ் அமைதி’ என்னும் பிரகடனம் வாசிக்கப்படுகிறது. மறுநாள் ஆண்டவரின் பிறப்புத் திருநாள் என்பதை நினைவூட்டி, அந்நாள்களில் அமைதியைக் குலைப்போர் கூடுதலான தண்டனைக்கு உள்ளாவர் என்று எச்சரிக்கும் இந்த வழக்கம், இடையிடையே தடைப்பட்டபோதும், 1320களிலிருந்து தொடர்ந்து வருவதாகக் கருதப்படுகிறது. பின்லாந்தில் கிறிஸ்துமஸ் பரிசுகள் வழங்கப்படுவதும் அதே நாள் மாலையில்தான். யௌலுபுக்கி என்று அங்கே அழைக்கப்படும் கிறிஸ்துமஸ் தாத்தா வீட்டுக்கே வந்து பரிசுகளைத் தந்து செல்வதாகக் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. அந்தப் பொதிகளுள் ஒன்றில், உடையோ இனிப்போ அல்லாமல், தோல் உறையில் செருகிய ஒரு கத்தி இருப்பது தலைமுறைகளாக அங்கே வியப்புக்குரிய செய்தியன்று. நண்பகலில் ஊர் முழுவதற்கும் அமைதி கட்டளையிடப்பட்டு, மாலையில் ஒரு சிறுவனின் கையில் கூரிய இரும்பு வைக்கப்படுகிறது என்னும் இந்தச் சேர்க்கை, மேலோட்டமாகத் தோன்றும் முரண்பாட்டுக்கு அப்பால், கொடை என்றால் என்ன, அது பெறுபவரின் தகுதியைப் பார்த்து வருவதா பாராமல் வருவதா என்னும் பழைய சமயக் கேள்விக்குள் நேராகக் கொண்டு செல்கிறது.

அந்தக் கத்திக்குப் பூக்கோ என்று பெயர். ஒருபுறம் மட்டும் கூர் கொண்ட குட்டையான அலகும், பெரும்பாலும் பிர்ச் மரத்தால் ஆன எளிய கைப்பிடியும், இடுப்புக் கச்சையில் தொங்கவிடும் தோல் உறையும் கொண்ட இது, மரம் செதுக்கவும், மீனை வகிரவும், வேட்டையாடிய விலங்கின் தோலை உரிக்கவும், ரொட்டியை அறுக்கவும் ஒருங்கே பயன்படும் கருவி. அது போர்க்கருவியாக வடிவமைக்கப்பட்டதன்று. ஆனால் ஆயுதமாக ஒருபோதும் பயன்படாதது என்றும் சொல்ல முடியாது. பூக்கோத் தயாரிப்புக்குப் புகழ்பெற்ற கௌஹவா ஊர் அமைந்திருக்கும் தென் ஒஸ்த்ரோபோத்னியா வட்டாரமே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பூக்கோயுங்கரி’ எனப்பட்ட கத்திச் சண்டைக்காரர்களின் கும்பல்களால் அஞ்சப்பட்ட பகுதியாகவும் இருந்தது. இன்றும் பின்லாந்தின் 2003ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம், தொழில் போன்ற ஏற்கத்தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. ஆகவே இதைப் பரிசளிப்பவர் அதன் இரு முகங்களையும் அறிந்தே பரிசளிக்கிறார். அறியாமையால் நேர்ந்த கொடையாக இதைக் கொள்ள வழியில்லை.

இப்பரிசைப் பெற்றவர்கள் முதுமையிலும் அதைக் கனிவோடு நினைவுகூர்வதுண்டு. அலகு தேய்ந்து பாதியான பிறகும், சில சமயம் கத்தியே தொலைந்து போன பிறகும், அது கைக்கு வந்த மாலை மட்டும் தெளிவாக நிற்கிறது. இதற்குக் கருவியின் பயன்பாடே காரணம் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றினாலும், அரிஸ்டாட்டில் அதற்கு இடம் தரமாட்டார். நிக்கோமாக்கிய அறவியலின் ஒன்பதாம் நூலில், நன்மை செய்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான அன்பை ஆராயும்போது, உயர்ந்த செயல்களின் நினைவு இனியது என்றும், வெறும் பயனுள்ளவற்றின் நினைவு அத்துணை இனியதன்று என்றும் அவர் வேறுபடுத்துகிறார். நல்ல மண்வெட்டி எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அது வாங்கப்பட்ட நாளை யாரும் போற்றி நினைப்பதில்லை என்னும் அளவில் அவர் கூற்று உண்மை. பயனுள்ள பொருள்களுள் தலையாயதான கத்தியின் நினைவு இனிமையாக இருக்கிறது என்றால், அந்நினைவு பற்றியிருப்பது பயனை அன்று, கத்தியோடு சேர்ந்து வந்த வேறொன்றை என்று முடிவு கட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேறொன்றை நம்பிக்கை எனலாம். அதாவது, தன்னையும் பிறரையும் காயப்படுத்தும் ஆற்றலை இவன் கையில் வைக்கலாம் என்று பெரியவர் ஒருவர் எடுத்த முடிவு. பொம்மையைக் கொடுப்பவர் குழந்தையின் விருப்பத்தை மதிக்கிறார். கத்தியைக் கொடுப்பவர் குழந்தையின் தீர்ப்பை, அஃதாவது எதைச் செய்யலாம் எதைச் செய்யலாகாது என்று தானே வகுத்துக்கொள்ளும் திறனை, மதிக்கிறார்.

ஆனால் அந்தத் திறன் ஏழெட்டு வயதில் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டால், மெய்யியல் மரபின் மூத்த குரல்கள் எச்சரிக்கையின் பக்கமே நிற்கின்றன. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் தொடக்கத்திலேயே, நல்ல மனநிலையில் இருந்தபோது தன் ஆயுதங்களை ஒப்படைத்த நண்பன், சித்தம் கலங்கிய பின் அவற்றைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கலாமா என்று சாக்ரட்டீஸ் வினவுகிறார். உரியவனுக்கே ஆனாலும் கொடுக்கலாகாது என்பதே அங்கு எல்லாரும் ஒப்பும் விடை. கொடையைப் பற்றிப் பண்டை உலகில் எழுந்த மிக விரிவான நூலாகிய ‘நன்மைகள் குறித்து’ என்பதில், ரோமானிய மெய்யியலாளர் செனெக்கா ஒரு படி மேலே சென்று, நோயாளிக்குக் குளிர்ந்த நீரை மறுப்பதுபோலத் துயரத்தில் தன்மீதே சினம் கொண்டவனுக்கு வாளை மறுப்பதும் ஒரு கொடையே என்கிறார். இவ்விருவர் நிலைப்பாட்டின்படி, கொடுப்பவரின் முதற்கடமை பெறுபவரின் நிலையை அளந்தறிவது. தகுதி முன்னே, கொடை பின்னே. இதை மறுப்பது எளிதன்று, மறுக்க வேண்டியதும் இல்லை. குழந்தையின் குணத்தைப் பாராமல் கத்தியைக் கொடுக்கும் தந்தையை யாரும் அருளாளர் என்று புகழப் போவதில்லை.

தகுதியைக் காத்திருந்து காண்பதற்குப் பதிலாக உண்டாக்கலாம் என்று கருதியவர்களும் உண்டு. பின்லாந்தின் பொதுப் பள்ளிக் கல்வியின் தந்தை எனப்படும் உனோ சிக்னேயஸ் லூத்தரன் திருச்சபையின் குருவும் ஆவார். அவருடைய முயற்சியால் 1866ஆம் ஆண்டின் பள்ளி ஆணையில் கைவேலைக் கல்வி பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. ‘ஸ்லாய்ட்’ எனப்படும் இம்முறை, தொழிலாளியை உருவாக்குவதைவிடக் கையும் கண்ணும் மனமும் ஒருங்கே பண்படுவதையே நோக்கமாகக் கொண்டது. சிக்னேயஸைப் பின்பற்றி ஸ்வீடனின் நேஸ் என்னும் இடத்தில் இம்முறையை வளர்த்த ஓட்டோ சாலமன், குழந்தையின் முதல் கருவி கத்தியாகவே இருக்க வேண்டும் என்ற கொள்கை உடையவர். விரலை வெட்டிக்கொள்ளாமல் செதுக்கும் பொறுமை, செதுக்குவதால் மட்டுமே வரும் என்னும் எளிய உண்மை இதன் அடியில் இருக்கிறது. நீந்தத் தெரிந்த பிறகே நீரில் இறங்க வேண்டும் என்பது எவ்வளவு பொருந்தாதோ அவ்வளவு பொருந்தாதது, பொறுப்பு வந்த பிறகே கத்தியைத் தொட வேண்டும் என்பதும்.

இங்கேதான் பின்லாந்து மக்களில் பெரும்பான்மையோரின் சமயமாகிய லூத்தரனியம் இந்தப் பரிசுக்கு ஓர் ஆழமான விளக்கம் தருகிறது. மார்ட்டின் லூத்தர் 1518இல் ஹைடல்பெர்க் நகரில் முன்வைத்த விவாதக் கருத்துரைகளின் இருபத்தெட்டாவது உரை, மனித அன்பையும் இறையன்பையும் ஒரே வீச்சில் பிரித்துக் காட்டுகிறது: மனிதரின் அன்பு தனக்கு இனியதைக் கண்ட பின்னரே பிறக்கிறது, இறைவனின் அன்போ தனக்கு இனியதைத் தேடிக் காண்பதில்லை, அதை உண்டாக்குகிறது. அருள் என்று கிறிஸ்தவ இறையியல் குறிப்பது, பெறுபவரின் எந்தச் சிறப்பையும் காரணமாகக் கொள்ளாமல் இறைவன் தரும் தயவையே. லூத்தர் 1521இல் லாதோமஸ் என்பவரை மறுத்து எழுதிய நூலில் இதை மேலும் நுணுக்கி, தயவு என்றும் கொடை என்றும் இரண்டாகக் காட்டினார்; தயவு என்பது இறைவன் மனிதனை ஏற்றுக்கொள்ளும் மனம், கொடை என்பது மனிதனுக்குள் வந்து அவனை உள்ளிருந்து மாற்றும் பொருள். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் துவோமோ மன்னெர்மா (1937–2015), பிற்கால லூத்தரன் மரபு தயவை மட்டும் பற்றிக்கொண்டு கொடையைப் பின்தள்ளிவிட்டது என்றும், லூத்தரிடம் இரண்டும் பிரிவதே இல்லை என்றும் வாதிட்டு, ‘பின்லாந்துப் பள்ளி’ என்று அறியப்படும் ஆய்வு மரபைத் தோற்றுவித்தார். அவ்வழி வந்த ரிஸ்தோ சாரினென் 2005இல் வெளியிட்ட ‘கடவுளும் கொடையும்’ என்னும் நூல், கொடுத்தல் என்னும் செயலையே இறையியலின் மையப் பொருளாக எடுத்து ஆராய்கிறது.

இந்த வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால், கிறிஸ்துமஸ் மாலையில் வரும் கத்தி தயவும் கொடையும் பிரியாமல் வருவதற்கு அன்றாட வாழ்க்கை காட்டும் தெளிவான சான்றுகளுள் ஒன்றாகும். ‘நீ நம்பத்தக்கவன்’ என்ற சொல்லை மட்டும் குழந்தையிடம் சொன்னால் அது தயவு. கேட்க இனிமையாக இருக்கும், மறுநாள் மறந்தும் போகும். அந்தச் சொல்லே இரும்பாகி இடுப்பில் தொங்கும்போது, குழந்தை ஒவ்வொரு நாளும் அதற்கேற்ப நடக்க வேண்டியதாகிறது. உறையிலிருந்து உருவும்போதும், தம்பியின் முன் அதை நீட்டாமல் தாழ்த்தும்போதும், முன்னரே வழங்கப்பட்ட ஒரு மதிப்பீட்டை அது மெய்யாக்கிக்கொண்டிருக்கிறது. தகுதி பிறகு வருகிறது, ஆனால் வருகிறது. நினைவின் கனிவுக்கும் இதுவே காரணம் எனலாம்: தான் அப்போது எத்தகையவன் அல்லனோ அத்தகையவனாகத் தன்னை ஒருவர் கண்டார் என்பதை வளர்ந்தவர் பின்னோக்கி அறிகிறார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வாதம் புதியதன்று. ஸ்ரீவைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதே கேள்வியில்தான் பிரிந்தனர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப்போல உயிர் சிறிதேனும் முயல வேண்டும், அச்சிறு முயற்சியே இறைவன் அருள்வதற்கு ‘வியாஜம்’, அதாவது ஒரு சாக்கு, என்பது வேதாந்த தேசிகரின் வழி. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல அருள் காரணமின்றியே வரும், அது ‘நிர்ஹேதுக கிருபை’ என்பது பிள்ளை லோகாசாரியரின் வழி. சைவ சித்தாந்தமோ, உயிரைப் பிணித்த மலம் பக்குவப்படும் அளவுக்கு ஏற்ப அருள் பதிகிறது என்று கொண்டு, அந்தப் பதிவாகிய சத்திநிபாதத்தை மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்கு படிகளாக வகுத்தது. பெற்றோரின் நடைமுறை பெரும்பாலும் சித்தாந்தத்தையே ஒத்திருக்கிறது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் முனை மழுங்கிய சிறு கத்தி, பிறகு சாணைக்கல்லோடு முழுக் கத்தி என்று அவர்கள் பக்குவம் பார்த்தே படிப்படியாகத் தருகிறார்கள். லூத்தரின் கருத்துரையும் மனிதருக்கு உரியது தகுதி கண்டு பிறக்கும் அன்பே என்று முன்னரே சொல்லிவிட்டது. மனிதக் கொடை இறைக்கொடையை ஓரளவுக்கு மேல் ஒத்திருக்க முடியாது.

அந்த அளவு எங்கே நின்றது என்பதற்கு வரலாறே சான்று. பழைய பின்லாந்துப் பள்ளிகளில் மரவேலை பையன்களுக்கும் நூல்வேலை பெண்களுக்கும் என்றே வகுக்கப்பட்டிருந்தது. கத்தியைப் பரிசாகப் பெற்ற இனிய நினைவுகளும் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்களின் நினைவுகளாகவே இருந்தன. தகுதி நோக்காத நம்பிக்கை என்று இதுவரை போற்றப்பட்டது, பாதிக் குழந்தைகளைப் பொறுத்தவரை, பிறப்பை நோக்கியே நின்றுவிட்டது. அருளைப் பற்றிப் பேசும் சமயங்கள் தங்கள் சொந்தக் கொடைகளில் இத்தகைய வேலிகளைக் கவனியாமல் விட்டது சிறு குறையன்று.

எஞ்சியிருப்பது, கத்திப் பரிசோடு காசையும் சேர்க்கும் ஒரு வழக்கம். கத்தியை இலவசமாகக் கொடுத்தால் இருவருக்கும் இடையிலான உறவு அறுபடும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவின் பல பகுதிகளில் உண்டு. கத்தியை நேரே கையில் கொடாமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் தமிழ் வீடுகளின் வழக்கத்துக்குப் பின்னாலும் இதைப் போன்ற அச்சமே இருக்கிறது. ஐரோப்பியர் கண்ட பரிகாரம், பெறுபவர் ஒரு செப்புக்காசைத் திருப்பித் தந்து கொடையை விற்பனையாக மாற்றிவிடுவது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் கட்டுரையில், கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பிச் செய்தல் என்னும் மூன்று கடப்பாடுகளால் ஆனது என்று காட்டினார். அந்தக் கணக்கில் காசு மூன்றாவது கடப்பாட்டை உடனே தீர்த்துவிடுகிறது. ஆனால் காசு இல்லாத குழந்தை என்ன செய்யும் என்ற சிக்கலுக்கு வழக்கமே ஒரு வழி கண்டது: கொடுப்பவர் கத்தியோடு காசையும் சேர்த்துப் பொதிந்து வைப்பார், பெறுபவர் அதைப் பிரித்தெடுத்து அவரிடமே ‘விலை’யாகத் தருவார். வணிகமாகப் பார்த்தால் இது வெறும் கேலிக்கூத்து. ஹிப்போவின் அகஸ்தீனார் இதில் வியப்பதற்கு எதையும் கண்டிருக்கமாட்டார். இறைவன் மனிதரின் தகுதிகளுக்கு முடி சூட்டும்போது, உண்மையில் தாம் முன்னரே தந்த கொடைகளுக்கே முடி சூட்டுகிறார் என்று ஐந்தாம் நூற்றாண்டில், மனிதர் தம் முயற்சியாலேயே நல்வழி அடையலாம் என்ற பெலாஜியரின் கொள்கையை எதிர்த்து எழுதியவர் அவர்.