உடலழகும் உயிரின் சார்பும்

உடம்பு மாயையின் காரியம். தநு கரண புவன போகங்களென எண்ணப்படும் நான்கனுள் முதற்கண் நிற்பது. ஆணவ இருளில் மழுங்கிக் கிடந்த உயிரின் அறிவு சிறிது விளங்குதற்பொருட்டு இறைவன் கருணையாற் கூட்டிய கருவியே அஃதென்பது சித்தாந்தத் துணிபு. கருவியின் மாண்பு அது தரும் பயன்பற்றியே அளக்கப்படும். திண்டுக்கல் நகரிற் செய்யப்படும் பூட்டை வாங்குவோன், அதன் மேற்றகட்டின் பளபளப்புக்கு விலை கொடுப்பதில்லை. உள்ளமைந்த பொறியின் உறுதிக்கே விலை கொடுக்கின்றான்.

இவ்வளவும் சைவர் அனைவரும் அறிந்தது. ஆயினும், பதினான்கு பதினைந்து ஆண்டு நிரம்பிய நம் மகளொருத்தி கண்ணாடிமுன் நின்று, தன் நிறம் கருமையென்றும் தன் உடல் பருமனென்றும் மனம் மறுகி, உணவையும் ஒறுக்கத் தலைப்படுங்கால், உடம்பு நிலையாதது, உள்ளழகே அழகு என்று நாம் கூறும் உபதேசம் அவள் துயரைத் தீர்க்கின்றதா? மீசை அரும்பும் மைந்தன், தன் உயரமும் தோளும் பிறர்க்கு ஒவ்வாவென்று நாணி ஒதுங்குங்கால், அவ்வுபதேசம் அவனை வெளிக்கொணர்கின்றதா? இல்லையென்பது கண்கூடு. அது தீராமைக்குக் காரணம் யாதென ஈண்டு ஆராய்வாம்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-ஆம் ஆண்டில் தொலைக்காட்சி புதிதாக வந்தது. அந்நாட்டு மக்கள் தொன்றுதொட்டுப் பருத்த உடலையே நல்லுடலென்று போற்றி வந்தவர். ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர், அவ்வாண்டிலும் மீண்டும் 1998-லும் ஆங்குள்ள பள்ளி மாணவியரை வினவி ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 2002-ல் வெளியிட்டார். உடல் மெலிதற்பொருட்டு உண்டதைத் தாமே வாந்தியெடுத்த மாணவியர், முதலாண்டில் ஒருவருமிலர். மூன்றாண்டு கழித்து நூற்றுக்கு 11 பேர் இருந்தனர். மூன்றாண்டில் ஒரு நாட்டாரின் உடலமைப்பா மாறிவிட்டது? அன்று. அவர் நோக்கிய காட்சி மாறிற்று. அதனால் அவர் தம்மை நோக்கும் நோக்கும் மாறிற்று.

இதனை நம் ஆசிரியன்மார் பண்டே கண்டு, சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்றனர். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டுமாறுபோல, உயிரும் தான் அடுத்த பொருளின் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டுவிடும். இளமைப் பருவத்துப் பளிங்கு மிகத் தெளிந்தது. ஆதலின் எந்நிறமும் அதிற் கடிதிற் பற்றும். 2021-ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்ளாய்வுத் தாள்கள் வெளிப்பட்டபோது, இன்ஸ்டாகிராம் பதின்பருவப் பெண்கள் மூவருள் ஒருவர்க்கு உடல்பற்றிய மனக்குறையை மிகுவிக்கின்றதென அந்நிறுவனத்தாரே குறித்திருந்தமை புலனாயிற்று. நாடோறும் கைப்பேசியை அடுத்திருக்கும் உயிர் அதன் நிறத்தைக் கொள்ளுதல் வியப்பன்று.

எனினும், பழி முழுதும் கைப்பேசியின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டிலேயே ஃபேர் அண்டு லவ்லி என்னும் பூச்சு விற்பனைக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து வெண்ணிறங் குறிக்குஞ் சொல் நீக்கப்பட்டது 2020-ல்தான். அத்தனை ஆண்டும் அதனை வாங்கிக் கொடுத்தவர் யாவர்? பெற்றோரும் உற்றோருமே. கறுப்பி, குண்டன், நோஞ்சான் என்னும் பெயர்களைக் குழவிப் பருவத்தே சூட்டி நகைப்பவர் யாவர்? மாமனும் அத்தையும் பாட்டியுமே. மணமகளைப் பார்க்கச் சென்று மீண்டதும் முதற்கண் நிறத்தை வினவுவோரும் நம்மவரே. நஞ்சுண்டு பிறரைக் காத்தமையாற் கறுத்த திருமிடற்றை நீலகண்டமென்று ஓதி உருகும் நா, வீட்டில் வளரும் குழந்தையின் கருமையை இழித்துப் பேசுமாயின், அவ்வோத்தின் பயன் என்னை? நாம் இட்ட சாயத்தை நாமே உபதேசத்தாற் கழுவ முயல்கின்றோம். அதனாலேயே அவ்வுபதேசம் பயன்படாதொழிகின்றது.

அற்றேல், அழகென்பதையே இகழ்ந்து ஒதுக்கலாமோ எனின், அதுவும் சைவநெறியன்று. திண்டுக்கல்லில் காளத்தீசருடன் எழுந்தருளியிருக்கும் அம்மையின் திருநாமம் அபிராமி. அழகுடையாள் என்பது அதன் பொருள். நம்பியாரூரர் சுந்தரரெனப் பெயர் பெற்றது தம் எழிலால். அவரைத் தடுத்தாட்கொண்ட பெருமான், மணக்கோலத்தைக் களைக என்னாது, என்றும் அக்கோலத்தோடே இருக்கப் பணித்தான். பின்னர் அவர் கண்ணிழந்து வருந்திய காலத்தும் அத்தோழமை அறவில்லை. காரைக்காலம்மையாரோ, கணவன் பொருட்டுத் தாங்கிய வனப்பு இனி வேண்டாவென்று வேண்டிப் பேயுருக் கொண்டார். கயிலையில் இறைவன் அவ்வுருவையே அம்மையென்று அழைத்தான். எழில் உடைமையால் ஒருவரை ஏற்றானுமல்லன், அஃதின்மையால் ஒருவரைத் தள்ளினானுமல்லன். அன்றியும், அம்மையார் வனப்பைத் தாமே துறந்தார்; பிறர் பழித்துரைத்தமையால் தம் உடலை வெறுத்தாரல்லர். தானே துறத்தல் வேறு; பிறர் நாவால் பறிகொடுத்தல் வேறு. முன்னையது ஞானம், பின்னையது புண். நம் பிள்ளைகள் பெற்றிருப்பது புண்ணாதலின், அதனைத் துறவென்று புகழ்தலும் வீண்பெருமையென்று கடிதலும் பிழையேயாம்.

அங்ஙனமாயின் மருந்து யாது? சார்பை மாற்றுதலே. இதனை விளக்கும் காட்சி நம் திண்டுக்கல் நாட்டிலேயே உண்டு. தைப்பூசத்தில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் அடியாரைப் பல்லாயிரவராகக் காண்கின்றோம். ஆங்கே இளம்பெண்களும் முடி காணிக்கை செலுத்தித் தலைமேற் சந்தனம் பூசி மலைப்படியில் ஏறுகின்றனர். பள்ளி வாயிலில் நகைப்புக்கிடமாகும் மழித்த தலை, மலைப்படியில் வணக்கத்துக்கிடமாகின்றது. தலை ஒன்றே; அது யார்பொருட்டு மழிக்கப்பட்டதென்பதைக் காண்போர் அறிந்திருத்தலே வேறுபாடு. மலைமேல் நிற்கும் பெருமானோ காலையில் ஆண்டிக்கோலத்தும் மாலையில் அரசக்கோலத்தும் காட்சி தருகின்றான். ஆண்டியாய்க் கண்டபோது அன்பு குறைந்தவரும், அரசனாய்க் கண்டபோது அன்பு மிக்கவரும் அடியாருள் ஒருவருமிலர். கோலத்தைக் கடந்து கோலங் கொண்டவனை நோக்கும் இக்கண்ணை, மலையினின்று இறங்குங்கால் அங்கேயே விட்டுவிட்டு வருதல் முறையோ? அக்கண்ணாலேயே வீட்டில் வளரும் மகனையும் மகளையும் நோக்குதல் வேண்டும்.

ஆகவே பெற்றோர் செய்யற்பாலன சில. உருவம் பற்றிய பட்டப்பெயரை இன்றே வீட்டினின்று ஒழிக்க. பிள்ளைகளைப் புகழுங்கால் நிறத்தையும் வடிவையும் விடுத்து, அவர் செய்த நற்செயலைப் பெயர் சொல்லிப் புகழ்க. சரியைத் தொண்டிலும், இசையிலும், கைத்தொழிலிலும், பிறர்க்கு உதவுதலிலும் அவர் கையும் குரலும் ஈடுபடச் செய்க. திருமாலை தொடுக்கும் விரல் தன் நிறத்தை எண்ணுவதில்லை. பதிகம் பாடும் மிடறு தன் பருமனை எண்ணுவதில்லை. தன் உடம்பு ஒரு நற்செயலுக்குக் கருவியாதலை ஒருமுறை கண்டறிந்த உயிர், அதனைக் காட்சிப்பொருளாக மட்டும் கருதும் மயக்கத்தினின்று சிறிது சிறிதாக விடுபடும். உள்ளழகு என்பது சொல்லிக் கொடுக்கப்படுவதன்று. இவ்வாறு செய்து கண்டறியப்படுவது.

உணவை ஒறுத்து உடல் மெலிந்து வரும் பிள்ளையை விரதமென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. காலந்தாழ்க்காது மருத்துவரிடம் கொண்டு செல்க. உடம்பைப் பேணுதலும் உயிரை வளர்க்கும் நெறியே என்பது திருமூலர் காட்டியது. இறைவன் அளித்த கருவியைப் பழுதுபட விடுதல் அவன் கருணையைப் பழுதுபட விடுதலாகும்.

சைவ அன்பர்காள்! கோயிலிற் கல்லையும் செம்பையும் கல்லென்றும் செம்பென்றும் காணாது, ஆண்டு விளங்கும் பொருளையே கண்டு கைகூப்புகின்றோம். உயிர்தோறும் உள்ளிருப்பவனும் அப்பெருமானே. அவன் குடியிருக்கும் இளந்திருமேனி எதனையும் நம் நா இகழாதிருத்தலே நாம் செய்யும் முதற்பூசனையாகுக.

சிவம்.