அச்சமா? அறிவா?

நீலகிரியின் செங்குத்துப் பாறையிலே, காட்டுக்கொடியால் முறுக்கிய ஏணியில் தொங்குகிறான் குறும்பர் இனத் தோழன் ஒருவன். கீழே பெரும்பள்ளம், எதிரே மலைத்தேனீயின் ஒற்றைப் பேரடை, கையிலே கத்தி. அடை முழுவதையும் அறுத்தெடுத்தால் கேட்பார் யார்? 'தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா' என்று சமாதானம் சொல்லப் பழமொழியும் காத்திருக்கிறது!

அடையின் மேற்புறத்திலே, ஒரு பக்கமாகத் தடித்திருக்கும் பகுதியில் தேன். எஞ்சிய பரப்பில் பெரிதும் முட்டையும் புழுவுமாக நாளைய தலைமுறை. தீப்பந்தத்தால் தேனீக்களைப் பொசுக்கி, அடையை அடியோடு பெயர்ப்பது ஒரு முறை. பச்சிலைப் புகையால் விலக்கி, தேன்பகுதியை மட்டும் அறுத்து, குஞ்சுப் பகுதியைத் தொடாது திரும்புவது மற்றொரு முறை. கொட்டிய தேனீ பரப்பும் எச்சரிக்கை மணத்தைப் புகை மறைப்பதால், கூட்டத்தின் சீற்றம் தணிகிறது. இது மந்திரமன்று, அறிவியல்.

தேனீ நமக்காகவா தேன் சேர்த்தது? 'மனிதனுக்கென்றே ஆண்டவன் படைத்தான்' என்போர் கூறட்டும்; நாம் ஏற்கமாட்டோம். பூக்கள் குறையும் நாளுக்கென அது தன் கூட்டத்துக்குச் சேர்த்த உணவு. அப்படியானால், தொடுவதே திருட்டா? மலைமக்களின் பசிக்கு விடை கூறாமல், பட்டணத்திலே அமர்ந்து அறம் பேசுவது எளிது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேன் சேகரிக்கும் உரிமையை அவர்களுக்கு ஒப்புக்கொண்டது. உரிமை உண்டு, அதன் எல்லை எது?

தேனெடுக்கப் புறப்படுமுன் நோன்பிருந்து வழிபடுவது அங்கே வழக்கம். தோழர்களே, அதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால், தெய்வம் தண்டிக்கும் என்றஞ்சிக் கையை அடக்கிய ஒருவன், அந்த அச்சத்தை நாம் போக்கியபின், எதற்காக அடக்குவான்? சாமி இருந்த பீடத்திலே பேராசையை அமர்த்திவிட்டால், நாம் செய்தது சீர்திருத்தமா?

குஞ்சுகளை அழித்தால் கூட்டம் நலியும். கூட்டம் நலிந்தால் காட்டின் காய்கனி குறையும். அடுத்த பருவத்திலே பாறை வெறுமையாய் நிற்கும். இது அறிவு போடும் கணக்கு. ஆனால் கணக்கு மட்டும் போதாது. இனி இந்தப் பாறைக்கு வரவே போவதில்லை என்று தெரிந்த நாளிலும், பிறவுயிரின் குழந்தையை வீணே கொல்லாதிருப்பதே அறம். அதற்குச் சாமியின் கண்காணிப்பு தேவையில்லை.

கத்தி பிடித்தவனுக்கு மட்டும் இந்தப் பாடம் போதாது. உயிரைப் பணயம் வைத்தவனிடம் அரைவிலை பேசுகிறவன், முழு அடையையும் அறுக்கச் சொல்லுகிறான்! உழைப்புக்கு உரிய விலை தருவோம். தேனீக்கு உரியதை விட்டுவைப்போம். எவரும் காணாத பாறையிலும் எல்லை மீறாத கையே பகுத்தறிவாளனின் கை!