பேறுகாலத்தில் துணை நிற்போம்



ஜெபமாலையின் சந்தோஷ தேவ இரகசியங்களுள் இரண்டாவது இன்னதென்று நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்ததைத் தியானிக்கிறோம். அது ஒருநாள் விருந்தாட்டமாக நடந்த சந்திப்பா? அர்ச். லூக்காஸ் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சம்மனசானவர் மங்கள வார்த்தை சொன்னபோது எலிசபெத்தம்மாளுக்கு அது ஆறாம் மாதம். தேவமாதா விரைந்து புறப்பட்டு, நாசரேத்திலிருந்து யூதேயாவின் மலைநாட்டுக்கு நாலைந்து நாள் வழி கடந்து, அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார்கள். ஆறும் மூன்றும் ஒன்பது. உலக இரட்சகரைத் திருவயிற்றில் தாங்கியிருந்தவர்கள், வயது சென்ற ஒரு கர்ப்பவதிக்குப் பேறுகாலம் நெருங்குமட்டும் துணையிருந்தார்கள்.

இதை முன்னிட்டு, பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் நம் குடும்பங்களுக்காக மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, மருத்துவச்சியின் மேன்மை. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எபிரேயரின் ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடும்படி எகிப்து அரசன் கட்டளையிட்டான். இரண்டு மருத்துவச்சிகள் சர்வேசுரனுக்குப் பயந்து, அரசன் சொல்லைத் தள்ளி, குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். அந்த மகா அரசனின் பெயரை அவ்விடத்தில் வேதாகமம் சொல்லவில்லை. சிப்ரா, பூவா என்னும் அந்த இரு ஏழைப் பெண்களின் பெயரையோ இன்றுவரை நாம் வாசிக்கிறோம். 12-ம் பத்திநாதர் என்னும் பியுஸ் பாப்பரசர் 1951 அக்டோபர் 29-ல் இத்தாலிய மருத்துவச்சிகளுக்கு உரையாற்றியபோது, அவர்கள் தொழிலை ஓர் அப்போஸ்தல ஊழியம் என்றே போற்றினார்.

நாமோ அவர்களை எப்படி நடத்தினோம்? நள்ளிரவில் வலி கண்டவுடன் ஓடிப்போய் அழைத்த அந்த மருத்துவச்சியை, மறுநாள் தீட்டென்று சொல்லிக் கொல்லை வாசலோடு நிறுத்தி, படி நெல் அளந்து அனுப்பிய வழக்கம் நம் நாட்டில் வெகுகாலம் இருந்தது. நம்மை முதன்முதல் ஏந்திய கையைத் தொடத் தகாத கையென்று சொன்னது எத்தனை பெரிய நன்றிகேடு! அந்தக் குறை இன்னும் எந்த வீட்டிலாவது ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சுகப்பிரசவம் என்பது என்ன? இதில் இரண்டு பக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சொல்லவேண்டிய காரியம். ஆனால் அதே கணக்கில், நூற்றுக்கு ஏறக்குறைய 45 குழந்தைகள் அறுவைச் சிகிச்சையால் பிறந்திருக்கிறார்கள். தனியார் மருத்துவமனைகளில் அது 64 அளவுக்குச் செல்கிறது. இதைக் கேட்டுப் பயந்த சிலர், மருத்துவமனையே வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள்வோம் என்று துணிகிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு குடும்பத்தார், இணையத்தில் காணொளி பார்த்து, பயிற்சி பெற்றவர் யாருமில்லாமல் வீட்டில் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது, இரத்தப்போக்கால் தாய் மாண்டாள். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு, வண்டி வந்து சேருமுன்னே உயிரைக் கொண்டுபோய்விடும். ஆகையால் கைதேர்ந்தவர் இல்லாத வீட்டுப் பிரசவத்தைச் சுகப்பிரசவம் என்று யாரும் சொல்லவேண்டாம்.

வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்டதல்லவா, அதைக் குறைக்கப் பார்ப்பது பாவமாகாதா என்று கேட்பவர்களும் உண்டு. இதே பாப்பரசர் 1956 ஜனவரி 8-ல் மருத்துவர்களுக்கு இதைத் தெளிவாக்கினார். பிரசவம் எப்படி நடக்கிறதென்று தாய்க்கு முன்கூட்டி விளக்கி, பயத்தை நீக்கி, மூச்சையும் உடலையும் தளர்த்தப் பழக்குகிற முறையில் நன்னெறிக்கு விரோதமானது ஒன்றுமில்லை. வேதனையைத் தணிக்கும் வழிகளை வேதவாக்கியம் தடுக்கவில்லை என்றார். பயத்தால் உடல் இறுகும்; இறுகினால் வலி மிகும். நம்பிக்கைக்குரிய ஒருத்தி பக்கத்திலிருந்து கையைப் பிடித்துக்கொண்டால் பயம் தணியும். பிரசவ நேரம் முழுதும் தாய் விரும்பும் ஒருவர் துணையிருக்கவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் பரிந்துரைத்திருக்கிறது.

அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலோ, அதுவும் சர்வேசுரன் தந்த உதவியே. அப்படிப் பெற்றவளை ஒரு மாமியாரும் குறை சொல்லவேண்டாம். தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டதால் "பிறவாதவர்" என்று பெயர் பெற்ற அர்ச். ரெய்முந்துவையே கர்ப்பவதிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பாதுகாவலராகத் திருச்சபை கொண்டாடுகிறது. அவர் திருநாள் ஆகஸ்டு 31.

மூன்றாவது, நாம் செய்யவேண்டியது. "அந்தக் காலத்து மருத்துவச்சி இப்போது எங்கே?" என்று கேட்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் உடுப்பில் இருக்கிறாள். செவிலியர் படிப்போடு பேறுகாலம் பார்க்கவும் கற்றுத் தேர்ந்தவள் அவள். வலி கண்ட பிறகு அவளைத் தேடாமல், கர்ப்பம் தெரிந்த முதல் மாதங்களிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து, பழக்கம் செய்துகொள்ளுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்கள், பரிசோதனைச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோய் அவ்வூர்ச் செவிலியரிடமும் முன்னதாகக் காட்டுங்கள். எங்கே பிரசவம் பார்ப்பதென்று தீர்மானிக்குமுன், துணைக்கு ஒருத்தியை உள்ளே விடுவார்களா, வலியின்போது எழுந்து நடக்கலாமா, எந்தக் காரணத்துக்காக அறுவைச் சிகிச்சை செய்வார்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை நம் மாநிலம் 2004-லேயே அனுமதித்தது. துணைக்குப் போகிறவள் தானும் பிள்ளை பெற்றவளாக, பயமுறுத்தும் கதை பேசாதவளாக இருக்கட்டும்.

கணவன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மடியில் பீடித்தட்டோடு நாளெல்லாம் குனிந்திருக்கும் உங்கள் மனைவியின் வயிற்றில் ஒரு உயிர் இருக்கிறது. புகையிலைத் தூள் அவளுக்கும் பிள்ளைக்கும் தீங்கு. அந்த மாதங்களிலாவது அவளை அதிலிருந்து விலக்கி, வீட்டுச் செலவை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். தீராத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, இரத்தப்போக்கு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும், நல்ல நேரம் பாராமல் 108-ஐ அழையுங்கள். பெத்லேகெமில் இடம் தேடியலைந்த அர்ச். சூசையப்பர் உங்களுக்கு மாதிரி.

பிள்ளை பிழைப்பது அரிதென்று கண்டால், குருவானவர் வருமட்டும் காத்திராதேயுங்கள். திருச்சபையின் கருத்துப்படி செய்யும் மனதோடு, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தைச் சொல்லித் தலையில் தண்ணீர் வார்த்து, யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதை முறைப்படி கற்றுக்கொள்ள விரும்பும் தாய்மார் பங்குச் சுவாமியாரிடம் வாருங்கள்.

மரியாயின் சேனையைச் சேர்ந்தவர்களே, நீங்கள் வாரந்தோறும் வீடுகளைச் சந்திக்கிறீர்கள். நம் பங்கில் கர்ப்பவதிகள் யார், அவர்களில் தாயில்லாதவள் யார், கணவன் கேரளத்திலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, தனித்திருப்பவள் யார் என்று விசாரியுங்கள். அச்சன்புதூரில் கத்தோலிக்கர் மட்டுமா பிள்ளை பெறுகிறார்கள்? அடுத்த தெருவிலுள்ள இந்து, இசுலாமியச் சகோதரிக்கும் ஆளில்லையென்றால் நீங்களே ஆளாகுங்கள். தென்காசி மருத்துவமனைவரை கூடப்போய், ஓர் இரவு விழித்திருந்து, கஞ்சி வைத்துக் கொடுத்துத் திரும்புகிறவள், தேவமாதாவின் மலைநாட்டுப் பயணத்தையே செய்கிறாள்.

பிரசவ வேதனைப்படும் ஸ்திரீ, பிள்ளை பிறந்தபின் அந்தச் சந்தோஷத்தில் தன் வேதனையை மறந்துபோகிறாள் என்று நமது ஆண்டவர் திருவுளம்பற்றினார். அந்தச் சந்தோஷம் நம் பங்கின் ஒவ்வொரு தாய்க்கும் கிடைக்கும்படி, தேவமாதாவின் மன்றாட்டால் சர்வேசுரன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு