பழம்பாடலும் புதுக்கோலமும்

முன்னோர் பாடிய பாடலுக்குப் பின்வருவோர் புதிய இசைக்கோலம் புனைதல் அறமாகுமா? 2005ஆம் ஆண்டில் இசைஞானி இளையராஜா, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு திருவாசகத்திற்கு இசையமைத்து வெளியிட்டார். ஓதுவார் நாவில் வாழ்ந்துவரும் மணிவாசகர் சொல்லுக்கு மேனாட்டு வயலின்களும் ஆங்கில வரிகளும் துணை வேண்டுமோ என்று வினவலாம்.

இதற்கு நம் கிழக்கேகோட்டையே விடை பகரும். இங்குள்ள நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் சுவாதித் திருநாள் (1813–1846) கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. அவற்றுட் பலவற்றுக்கு, மன்னர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், தமிழகத்தினின்று வந்த முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் மெட்டமைத்துச் செப்பம் செய்தனர். அப்பணி நிகழாதிருப்பின் பல பாடல்கள் ஏட்டிலேயே உறங்கியிருக்கும். ஆயினும் அவை இன்றும் மன்னர் பெயராலேயே வழங்குகின்றன.

ஆகவே, மூலத்தின் சொல்லும் அதனை அருளியவர் பெயரும் காக்கப்படின், புதுக்கோலம் முன்னோர்க்குச் செய்யும் தொண்டே என்பது என் துணிபு. மலையாளம் பயின்று வளரும் நம் பிள்ளைகள் திருவாசகத்தை முதன்முதல் சிம்பொனி வாயிலாகவே கேட்பினும் கேட்கட்டும். அங்கிருந்து ஏட்டிற்கும் ஓதுவார் பண்ணிற்கும் அவர்களை அழைத்துச் செல்லுதல் பெற்றோராகிய நம் கடன்.