சாட்சியில்லாத சேதம்

விற்றவர் கையை விட்டு நீங்கிய ஒரு பொருள், வாங்கியவர் கைக்கு வந்து சேர்வதற்குள், இருவரும் காணாத ஏதோ ஓரிடத்தில் சேதமடைந்துவிட்டால், அந்த இழப்பை யார் ஏற்பது, யாருடைய சொல்லை யார் நம்பக் கடமைப்பட்டவர் என்னும் கேள்வி, சட்டத்துக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், சமயச் சிந்தனையாளர்களை நெடுங்காலமாக வருத்தி வந்த ஒன்றாகும். தரச்சான்று பெற்ற சேகரிப்பு அட்டைகளை அஞ்சலில் அனுப்பி விற்கும் அமெரிக்கச் சந்தையில், அப்பழங்கேள்வி இன்று மீண்டும் மீண்டும் எழுகிறது.

பேஸ்பால் வீரர்களின் படங்களையோ போக்கிமான் உருவங்களையோ தாங்கிய அட்டைகளை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி, அவை அசலானவையா, அவற்றின் மூலைகளும் விளிம்புகளும் மேற்பரப்பும் எந்நிலையில் உள்ளன, படம் சட்டத்தின் நடுவே அமைந்திருக்கிறதா என்று ஆராய்ந்து ஓர் எண்ணைப் பெறுவதையே சேகரிப்பாளர்கள் ‘கிரேடிங்’ என்கின்றனர். 1991இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஏ. நிறுவனம் 1 முதல் 10 வரை எண் இட்டு, அதையும் சான்றிதழ் எண்ணையும் ஒரு சீட்டில் அச்சிட்டு, அட்டையோடு சேர்த்துக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி ஒட்டிவிடுகிறது. இந்தக் கூட்டுக்கு ‘ஸ்லாப்’ என்று பெயர். 9 பெற்ற அட்டைக்கும் 10 பெற்ற அட்டைக்கும் உள்ள வேறுபாடு வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படுவதில்லை. விலையோ பல மடங்கு வேறுபடக்கூடும். ஆகவே இங்கு விற்கப்படுவது அச்சிட்ட காகிதம் மட்டுமன்று, அதைப் பற்றி மூன்றாமவர் ஒருவர் வழங்கிய தீர்ப்பும் அத்தீர்ப்பைக் காக்கும் முத்திரையும் சேர்ந்த ஒன்று.

இதனாலேயே, கூட்டின் மூலை உடைந்து உள்ளிருக்கும் அட்டை சிதையாமல் வந்து சேரும்போது தகராறு சிக்கலாகிறது. அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விற்றவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் தீர்ப்புக்குப் பின் அட்டையை எவரும் தொடவில்லை என்ற உறுதியைத் தருவது அந்தக் கூடுதான் என்பதால், வாங்கியவரின் குறை அற்பமானதாகாது. தேய்த்தால் போகக்கூடிய மேற்கீறல் வேறு, முத்திரையையே ஐயத்துக்கு உள்ளாக்கும் வெடிப்பு வேறு. முன்னதற்காக முழுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது மிகை. பின்னதற்குப் புதுக்கூட்டில் மாற்றித் தரும் சேவையின் கட்டணத்தையும் அஞ்சற்செலவையும் விற்றவர் ஏற்பதோ, பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருவதோ முறையாகும்.

இத்தகைய பொறுப்பை முன்பே ஆராய்ந்த, யூத சமயச் சட்டத்தின் முதல் தொகுப்பான மிஷ்னா, ஏறத்தாழ கி.பி. 200இல் உருப்பெற்றது. அதன் ‘பாவா மெட்ஸியா’ என்னும் பகுதி, பிறர் பொருளைக் கையில் வைத்திருப்போரை நால்வகையாகப் பிரிக்கிறது: கூலியின்றிக் காப்பவர், கூலிக்குக் காப்பவர், இரவல் பெற்றவர், வாடகைக்கு எடுத்தவர். பொருளால் அடையும் பயன் மிக மிகப் பொறுப்பும் மிகும் என்பது இப்பிரிவின் அடிப்படை. இரவல் பெற்றவர் எதிர்பாராத விபத்துக்கும் ஈடு தர வேண்டும், கூலியின்றிக் காப்பவரோ தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்று சத்தியம் செய்து விடுபடலாம். அதே பகுதியில், ஒரு சாடியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்கையில் உடைத்துவிட்டவரின் வழக்கும் வருகிறது. கூலி பெற்றாலும் பெறாவிட்டாலும் அவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி. இவ்விதியைத் தாமும் கேட்டிருப்பதாகச் சொல்லும் எலியேசர் என்ற அறிஞர், இவர்களால் உண்மையாகவே அப்படிச் சத்தியம் செய்ய முடியுமா என்று வியக்கிறார். இந்த வியப்பு மிக நேர்மையானது. வழியில் நடந்ததை முழுமையாக அறியாதவர், தம் கவனத்தில் குறையே இல்லை என்று எவ்வாறு உறுதி கூற முடியும்?

அவ்வழக்கை விரித்துப் பேசும் பாபிலோனியத் தால்முத், இன்னொரு கருத்தையும் பதிவு செய்கிறது. சாட்சி இல்லாத இடத்தில்தான் சத்தியம் செல்லும், சாட்சி கிடைக்கக்கூடிய இடத்தில் ஆதாரம் கொண்டுவந்தே விடுபட வேண்டும் என்பது இஸ்ஸி பென் யெஹூதா என்பவரின் நிலைப்பாடு. மஹோஸா நகரில் மதுச்சாடியை உடைத்துவிட்டு வந்த ஒருவரிடம், அது ஆட்கள் நடமாடும் தெரு, போய்ச் சாட்சி கொண்டு வா என்று ராவா என்ற அறிஞர் சொல்லி அனுப்பினார். கைபேசியில் கேமரா இல்லாதவர் அரிதாகிவிட்ட இக்காலத்தில், அட்டை விற்பவர் எவரும் மஹோஸாவின் அந்தத் தெருவில்தான் நிற்கிறார். கூட்டின் நான்கு மூலைகளையும் இரு பக்கங்களையும் சான்றிதழ் எண்ணையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுக்காமல் அனுப்பிவிட்டு, நான் நன்றாகத்தான் அனுப்பினேன் என்று சொல் மட்டும் தருவது போதாது. அப்படிப் படமெடுப்பதை அவநம்பிக்கை என்று கருதுவது தவறு. வாங்கியவர் பொய்யர் என்ற ஐயத்திலிருந்து அவரையும் அது காக்கிறது.

கட்டும் முறையிலும் இதே அறம் உண்டு. கீறல் விழாதபடி அளவான உறைக்குள் கூட்டை இட்டு, அதைவிடச் சற்றுப் பெரிய இரு நெளி அட்டைகளுக்கு இடையே வைத்து, பசைநாடா கூட்டின் மேல் படாதவாறு கட்டி, பபுள் ராப் சுற்றி, அசைத்தால் உள்ளே நகராத பெட்டியில் அடைக்க வேண்டும்; பல கூடுகளை ஒன்றாக அனுப்பினால் ஒன்றோடொன்று உரசாமல் இடையே தடுப்பு வேண்டும். குமிழி உறையில் மட்டும் இட்டு அனுப்பினால், மேலே விழும் கனமான பார்சலின் அழுத்தம் நேராக மூலைக்குப் போய்விடும். காணாத இடத்தில் நிகழ்வதன் மேல் ஒருவருக்கு இருக்கக்கூடிய ஆட்சி இவ்வளவே என்பதால், இதைச் செய்யாமல் விடுவதை அஞ்சல் துறையின் குற்றமாக்க இயலாது.

இழப்பை யார் ஏற்பது என்பதில், இணைய விற்பனைத் தளமான ஈபேயின் விதி தெளிவானது: பொருள் சேதமடைந்து வந்ததாக வாங்கியவர் முறையிட்டால், விற்றவர் மூன்று வேலை நாட்களுக்குள் தீர்வு தர வேண்டும். இதை அநீதி என்று விற்பவர்கள் பலர் கருதுகின்றனர். வேண்டுமென்றே உடைத்துவிட்டு முறையிடுவோர் உண்டு என்பதும் மெய்யே. எனினும் கட்டியவரும் அஞ்சல் வழியையும் காப்பீட்டையும் தேர்ந்தவரும் விற்றவரே ஆதலால், சுமை அவர்மேல் விழுவது பொருந்தும். இழப்பை ஏற்பதும் குற்றத்தை ஒப்புவதும் ஒன்றல்ல. யார் ஏற்பது என்பதை உண்மை தெரியாமலேயே விதி முடிவு செய்துவிடலாம். யார் பொய்யர் என்பதை ஆதாரமின்றி எவரும் முடிவு செய்யலாகாது.

தால்முத்தின் அதே பக்கத்தில், தம் மதுச்சாடியை உடைத்த சுமைதூக்கிகளின் மேலாடைகளைப் பறித்துக்கொண்ட ஓர் அறிஞரின் வழக்கு உள்ளது. ஆடைகளைத் திருப்பித் தருமாறு ராவ் என்னும் நீதிமான் பணித்தார். நாள் முழுதும் உழைத்துப் பசியோடு நிற்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது, கூலியையும் தருமாறு பணித்தார். இதுதான் சட்டமா என்று அந்த அறிஞர் இருமுறை கேட்டார். இருமுறையும் ஆம் என்றே விடை வந்தது. வசதியுள்ளவர் தம் உரிமையின் கடைசி எல்லை வரை போய் நிற்கலாகாது என்பதே இதில் அடங்கிய நெறி. இது வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்: விற்றவர் சேதத்துக்கு ஈடு கோர அமெரிக்க அஞ்சல் துறை தருவது அனுப்பிய நாளிலிருந்து 60 நாட்களே, பெட்டியையும் உள்ளிருந்த பொதிபொருள்களையும் காட்டுமாறு அத்துறை கேட்கலாம் என்பதால், உடைந்த கூட்டைக் கண்டவுடன் அவற்றைக் குப்பையில் எறியாமல், படமெடுத்து, கோரிக்கை முடியும் வரை வைத்திருப்பது வாங்கியவரின் கடமை.